நேத்துச் சொன்னது தப்பு

டாக்டரம்மா காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். பயத்தால் இல்லை. இன்றைக்கு யார் கட்டிலுக்குப் போய் "நேத்து நான் சொன்னது தப்பு" என்று சொல்லப்போகிறார் என்று பார்க்க.

காதோடு சொல்லுகிற ஆள் இல்லை. கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்கும். கூட வரும் சின்ன டாக்டர்கள் தரையைப் பார்ப்பார்கள். நர்சம்மா அடுக்கிய ஊசித் தட்டையே மறுபடி அடுக்கும்.

குள்ளமானவர். கனத்த உடம்பு. ஆம்பளைகள் கட்டுகிற வாட்சை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். நெஞ்சில் வைக்கிற குழாயை முந்தியில் தேய்த்துச் சூடாக்கித்தான் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிறவர். எரிச்சல் வந்தால் அந்தப் பாஷையில் முணுமுணுப்பார். யாரைத் திட்டுகிறார் என்று எங்களுக்குத் தெரியாது.

கேள்வி நிறையக் கேட்பார். என்ன வேலை, கை எதில் படும், வீட்டில் கோழி உண்டா, மூட்டு வலிக்கு எந்தக் கடையில் மாத்திரை வாங்குகிறாய், அது என்ன நிறம். வாங்கவில்லை என்று யாராவது சொன்னால் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்தில் திருப்புவார்.

"பொய் சொல்ற. ஒன் மொகம் சொல்லுது."

டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் இருமலோடு வந்து படுத்திருந்தார். தினமும் அவருக்குத் திட்டு. "ஒன் நெஞ்சுல இருக்கிறது பூராம் பீடி" என்பார். பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மூச்சுப் போகிற வழியில் ஒரு பாக்குத் துண்டு மாட்டியிருந்தது. மறுநாள் காலை டாக்டரம்மா அந்தக் கட்டிலுக்குப் போய் நின்றார்.

"நேத்து வரைக்கும் உன்னையத் திட்டுனேன்ல. தப்பு. பீடி இல்ல. பாக்கு."

கண்டக்டர் எழுந்து உட்கார்ந்தார். "அப்ப பீடி குடிக்கலாமாம்மா?"

"குடி. அடுத்த தடவ நான் சொல்றது சரியா இருக்கும்."

வார்டு சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

எல்லோருக்கும் இது பிடிக்காது. லாரி முதலாளி ஒருவர் அவருடைய தாயாரைச் சேர்த்திருந்தார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்ற டாக்டரம்மா, மறுநாள் சளி இல்லை, நீர் என்றார். முதலாளி அன்றைக்கே அம்மாவை வேனில் ஏற்றினார். "தெனம் ஒண்ணு சொல்லுது. தெரிஞ்ச டாக்டருகிட்டப் போவோம்" என்றார். டாக்டரம்மா வாசல் வரை வந்தார். கையில் எக்ஸ்ரே. "இதையும் கொண்டு போங்க. இல்லைன்னா அவுகளும் என்னைய மாதிரியே தப்பாச் சொல்லுவாக."

எங்கள் பக்கத்தில் வைத்தியம் பார்க்கிறவரும் குறி சொல்கிறவரும் ஒன்று. சொன்ன சொல்லை மாற்றக்கூடாது. மாற்றினால் அருள் போச்சு.

அடுத்த கட்டில் அண்ணன்தான் இதற்குச் சரியாகச் சொன்னார். "நம்ம டாக்டரம்மா ஜட்ஜா இருந்திருக்கணும் மாப்ள. தூக்குல போட்டவனக் கீழ எறக்கி, தம்பி, தப்பாயிருச்சுப்பான்னு சொல்லும்."

அவர் என்னை மாப்ள என்பார். நான் அண்ணே என்பேன். முறை சரியில்லை. வார்டில் யார் முறை பார்த்தார்கள்.

நான் கொத்தனார். ஏழாவதோடு படிப்பு முடிந்தது. திருநகருக்கு அந்தப் பக்கம் புது வீடுகள் எழும்பிய காலத்தில் கரண்டியும் கையுமாக இருந்தேன். கிட்னி இரண்டும் போனது. அக்கா ஒன்று தந்தது. மாமாவுக்கு இஷ்டமில்லை. அக்கா தந்தது. அவ்வளவுதான் அந்தக் கதை.

அக்காவின் கிட்னியை என் உடம்பு வேற்றாள் என்று தள்ளிவிடாமல் இருக்க மாத்திரை தின்ன வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் காவலைக் குறைத்துவிடும். அதனால் எந்தக் கிருமியும் கதவைத் தட்டாமல் உள்ளே வரும். அப்படி வந்த இருமலோடும் காய்ச்சலோடும்தான் நான் அந்த வார்டில் கிடந்தேன்.

அண்ணனுக்குச் சமயநல்லூர். ரோட்டோரம் செடிக் கன்று விற்கிறவர். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் மாத்திரையை வருஷக்கணக்காகத் தின்றவர். அதற்குள்ளும் அதே மாதிரி ஒரு மாத்திரை இருந்திருக்கிறது. நான் டாக்டர் சொல்லித் தின்றேன். அவர் கடைக்காரர் சொல்லித் தின்றார். இரண்டு பேருக்கும் முகம் பூரி மாதிரி உப்பியிருந்தது. பார்க்க வந்தவர்கள் கூடப் பிறந்தவர்களா என்று கேட்டார்கள்.

"ஆமா. அவன் அப்பன் கலரு, நான் அம்மா கலரு" என்பார் அண்ணன்.

அவர் சளியைக் கண்ணாடியில் தடவிச் சாயம் போட்டுப் பார்த்தார்கள். சிவப்பாகத் தெரிந்தது. சிவப்பாகத் தெரிந்தால் டிபி. டாக்டரம்மாவும் குனிந்து பார்த்துவிட்டு டிபி என்றார். மாத்திரை ஆரம்பித்தார்கள். நோய் கேட்கவில்லை. தொடையில் ஒரு கட்டி வந்தது. அறுவை வார்டில் கீறிச் சீழை எடுத்துவிட்டுக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். பிறகு தலைவலி. பிறகு வலது கை தொங்கிப்போனது. பிறகு வலிப்பு. ஒரு மத்தியானம் போய்விட்டார். டிபி தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள்.

கூட இருந்த அண்ணன் சம்சாரம், மதினி, பாயைச் சுருட்டி, டம்ளரைக் கழுவி, என்னிடம் வந்து "ஒடம்பப் பாத்துக்கங்க தம்பி" என்றது. அழவில்லை. ஆள்களைக் கூப்பிடப் போனது.

பிறகு என் சளியையும் பார்த்தார்கள். சிவப்பு.

"டிபி" என்றார் டாக்டரம்மா.

எனக்கும் அதே மாத்திரை. ஒண்ணுக்கு ஆரஞ்சு நிறத்தில் போனது. அந்த மாத்திரைகளில் ஒன்று கிட்னி மாத்திரையைத் தின்றுவிடும் என்று சின்ன டாக்டர் ஒருவர் சொன்னார். டிபியை விட்டால் நெஞ்சு போகும். மருந்தைக் கொடுத்தால் அக்கா தந்தது போகும். ரத்தத்தில் உப்பு ஏறியது. கிட்னிக்காரர்களுக்கு உப்புதான் பேச்சு. அது ஏறினால் கிட்னி படுக்கிறது என்று அர்த்தம். அக்காவுக்கு நம்பர் புரியாது. "ஏறுச்சா, எறங்குச்சா?" என்று மட்டும் கேட்கும். நர்சம்மா ஏறுச்சு என்று சொல்லும். அக்கா இடுப்பில் தையல் போட்ட இடத்தைத் தடவிக்கொள்ளும். தெரிந்து செய்தது இல்லை.

என் முன்கையில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. டாக்டரம்மா அமுக்கிப் பார்த்தார்.

"அண்ணனுக்கும் இப்படித்தாம்மா வந்துச்சு" என்றேன்.

"எந்த அண்ணன்?"

பக்கத்துக் கட்டிலைக் காட்டினேன். அதில் வேறு ஆள் படுத்திருந்தார். டாக்டரம்மா அந்த வேறு ஆளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய பாஷையில் ஏதோ சொன்னார். மீதிக் கட்டில்களைப் பார்க்காமல் போய்விட்டார். அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

மத்தியானம் திரும்பி வந்தார். சேலையில் நீலச் சாயக் கறை.

"டிபி மாத்திரைய நிப்பாட்டுங்க. நான் சொன்னது தப்பு."

சின்ன டாக்டர் தயங்கினார். "மேடம், செவப்பா இருந்துச்சே. நிப்பாட்டுனா..."

"செவப்பா இருக்கிறத நீயும் பாத்த, நானும் பாத்தேன். டிபி குச்சி மாதிரி இருக்கும். இது நூலு மாதிரி கெளை விட்டிருக்கு. அத யாரு பாத்தா?"

 கேள்வி தனக்கு இல்லை என்று சின்ன டாக்டருக்கும் தெரியும்.

என் கட்டியில் ஊசியைக் குத்திச் சீழை எடுத்தார். அதைத் தட்டில் தடவி முளைக்க வைப்பார்கள். வழக்கமாக இரண்டு நாளில் ஒன்றும் வரவில்லை என்றால் தட்டைக் கொட்டிவிடுவார்களாம். இந்தக் கிருமி மெதுவாக முளைக்கிற சாதி. எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். லேப்காரர் வார்டுக்கே வந்து முறையிட்டார்.

"மேடம், பெட்டியில எடமே இல்ல."

"இல்லைன்னா என்னையத் தூக்கி வெளிய போடு. தட்டு இருக்கட்டும்."

தட்டில் வரும்வரை காத்திருக்க என் உடம்பில் தெம்பில்லை. வேறு மருந்தை உடனே ஆரம்பிக்க வேண்டும். அதுவும் கிட்னிக்கு ஆகாது என்கிற மருந்துதான். டாக்டரம்மா என்னிடம் கேட்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டார்.

"நான் நெனைக்கிறது சரின்னா இவன் பொழைப்பான். தப்புன்னா நீ குடுத்தது வீணாப் போகும். நீதான் சொல்லணும்."

அக்கா சொன்னது: "போன வாரம் டிபின்னீங்க. அது தப்புங்கிறீங்க."

"ஆமா."

"இன்னைக்குச் சொல்றது?"

"அதுவும் தப்பா இருக்கலாம்."

அக்கா என்னைப் பார்த்தது. டாக்டரம்மாவைப் பார்த்தது. இடுப்பில் இருந்த கையை எடுத்தது.

"அப்பக் குடுங்க" என்றது.

பெரிய வெள்ளை மாத்திரை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. உப்பு இன்னும் கொஞ்சம் ஏறியது. ஏறுச்சா என்று கேட்பதை அக்கா நிறுத்திவிட்டது. டாக்டரம்மா வருவார், கண்ணை மூடி நெஞ்சைக் கேட்பார், போவார். பிறகு ஒரு காலையில் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது. பின்னாலேயே உப்பும் இறங்கியது. நர்சம்மா சொன்னதும் அக்கா வராந்தாவுக்குப் போய்விட்டது. முதுகு குலுங்கியது மட்டும் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் தட்டில் வந்தது. ஓரமெல்லாம் பிளாஸ்திரி ஒட்டிக் கொண்டுவந்து காட்டினார். காய்ந்த சுண்ணாம்பு உதிர்ந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"மோந்து பாக்கக் கூடாது. நான் மோந்துட்டேன்" என்றார். "மழை பேஞ்ச மண்ணு வாசம். இது மண்ணுலதான் கெடக்கு. எல்லாரு மூச்சுலயும் போகுது. நல்ல ஒடம்பு தொரத்திரும். உனக்குத்தான் காவக்காரன நாங்க தூங்க வச்சிருக்கோம்."

"அப்ப இந்தத் தடவ நீங்க சொன்னது சரிம்மா" என்றேன். சந்தோஷத்தில் வந்துவிட்டது.

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டாக்டர்கள் கட்டிலில் உட்கார மாட்டார்கள்.

"அவரு சளி தடவுன கண்ணாடி இன்னும் பெட்டியிலதான் இருந்துச்சு. எடுத்துப் பாத்தேன். அன்னைக்கு மத்தியானமே பாத்துட்டேன். இதேதான்."

எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை.

அண்ணனுக்குத் தப்பாகச் சொன்னதால்தான் எனக்குச் சரியாகச் சொல்ல முடிந்தது. அவர் எனக்குப் பின்னால் வந்திருந்தால் நான் போயிருப்பேன், அவர் சமயநல்லூரில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். கட்டில் மாறியிருந்தால் போதும். அதை டாக்டரம்மாவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. 

நான் வீட்டுக்கு வந்து, நடமாட ஆரம்பித்து, மாதம் ஒரு தடவை காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கேட்டார்.

"சமயநல்லூர் போகணும். அந்தம்மா என்னையப் பாத்தா உள்ள விடுமோ என்னமோ. நீ பழக்கம். வாரியா?"

சின்ன டாக்டர் பக்கத்தில் இருந்தார். "மேடம், செத்தவரு திரும்பியா வரப்போறாரு? கேஸ் கீஸ் போட்டா?"

"போடட்டும். அதுவும் தப்புன்னு சொல்ல முடியாதுல்ல."

அக்காவிடம் சொன்னேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தது. தலை நிமிரவில்லை.

"உசுரோட இருக்கிறத அந்தப் பொம்பளைக்குக் காட்டப் போறியாக்கும்?"

எனக்கும் அதேதான் பட்டது. ஆனாலும் போனேன். வரமாட்டேன் என்று அந்த டாக்டரம்மாவிடம் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது.

பஸ்ஸில் போனோம். தூசி அடிக்கும் என்று என்னை ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார வைத்து, அவர் ஜன்னலில் உட்கார்ந்தார். இறங்கியதும் அவருடைய கைக்குட்டையை எடுத்து என் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினார். கன்றுகள் வரிசையாக இருந்தன. குப்பை உரம் குவிந்திருந்தது.

"நீ உள்ள வராத. பூராம் மண்ணு. ரோட்டுலயே நில்லு."

அதனால் மதினியே ரோட்டுக்கு வந்தது. கையில் சேறு. மண் நிரப்பிய பைகளுக்கு நடுவில் நடந்து வந்தது. முதலில் என்னைத் தெரியவில்லை. கைக்குட்டையை இறக்கினேன்.

"ஆத்தி! தம்பியா? நல்லாயிட்டீகளா?"

"நல்லாருக்கேன் மதினி."

"அவரு ஒங்களையேதான் பேசிக்கிட்டுக் கெடந்தாரு. என் மாப்ள பொழைச்சிருவான், பாருன்னு." சிரித்தது. உண்மையான சிரிப்பு. "டாக்டரம்மாவும் வந்திருக்காகளே. வாங்கம்மா. குடிக்கக் கலரு சோடா வாங்கியாரச் சொல்லவா?"

டாக்டரம்மா வேண்டாம் என்றார். அங்கேயே, பஸ் போகிற சத்தத்தில், வார்டில் சொல்கிற அதே குரலில் சொன்னார். உங்கள் வீட்டுக்காரருக்கு வந்தது டிபி இல்லை. நான் டிபி என்று சொன்னது தப்பு. இந்தத் தம்பிக்கும் அதே நோய்தான். இவருக்கு மாற்று மருந்து கொடுத்தேன். அவருக்குக் கொடுக்கவில்லை. எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும்.

மதினி கேட்டுக்கொண்டே நின்றது. கத்தும் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றும் என்று நினைத்தேன். தூற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த மாத்திரைய அவரு வேணாம்னாரு" என்றது. குரல் சாதாரணமாக இருந்தது. "வயிறு எரியுது, திங்க மாட்டேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டாரு. நான்தான் மூக்கப் பிடிச்சு, வாயத் தொறக்க வச்சு, உள்ள போட்டேன். தெனமும்."

நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில்தானே. அண்ணன் கண்ணில் தண்ணீர் வரும். மதினி தலையைத் தடவிக்கொண்டே போடும்.

"நான் சொன்னதத்தான நீங்க செஞ்சீங்க" என்றார் டாக்டரம்மா. "தப்பு என்னோடது. ஒங்களோடது இல்ல."

மதினி தன் கையைத் திருப்பிப் பார்த்தது.

"சொன்னது ஒங்க வாயி. போட்டது என் கைதானம்மா."

டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தார். 

மதினி என் பக்கம் திரும்பியது. "தம்பி, அந்த மாத்து மாத்திர கசக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த டாக்டரம்மா பக்கத்தில் நிற்கும்போது வரவில்லை.

"இல்ல மதினி."

தலையை ஆட்டியது. "அப்ப அவரு முழுங்கியிருப்பாரு" என்றது. பைகளுக்கு நடுவில் நடந்து உள்ளே போய்விட்டது. எங்களைப் போகச் சொல்லவும் இல்லை. இருக்கச் சொல்லவும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். டாக்டரம்மா கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். பாத்திமா காலேஜ் ஸ்டாப்பு தாண்டியதும் கேட்டார்.

"சொல்லாம இருந்திருக்கணுமோ?"

அவர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார். எல்லாம் நோயைப் பற்றி. இது ஒன்றுதான் வேறு.  எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

அதற்குப் பிறகும் அவர் மாறவில்லை என்றுதான் கேள்வி. கட்டில் கட்டிலாகப் போய்த் தப்பு, தப்பு என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாராம். ஆனால் இப்போது குனிந்து, காதோடு சொல்லுகிறார் என்று அந்தக் கண்டக்டர் ஒரு நாள் பஸ்ஸில் வைத்துச் சொன்னார். பிறகு டாக்டரம்மா ரிட்டயர் ஆகிவிட்டார். எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரியாது. சமயநல்லூர் வழியாகப் போக வேண்டி வந்தால் நான் எதிர்ப்பக்கத்து ஜன்னலில் உட்காருவேன்.

அக்கா தந்தது இன்னும் ஓடுகிறது. கிட்னி மாத்திரையை நிறுத்தவே கூடாது. அக்கா வீட்டுக்கு வந்தால், பாவம், ஆசையாக மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வரும். நான் வாங்க மாட்டேன். அதைத் தட்டில் வைக்கச் சொல்வேன். பிறகு நானே எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன்.

"என் கையில என்னடா இருக்கு?" என்று கேட்கும்.

ஒன்றும் இல்லை என்பேன்.